சேற்றுக் கடலுக்கு ஒரு எட்டு

திருச்சியில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன வாரம் கைப்பேசியை நீட்டி, "அக்கா, உங்க மாவட்டத்துல பீச் இருக்காமே? போகலாமா?" என்று கேட்டாள். அதைப் பற்றி யார் யாரோ எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினாள். அலை இல்லை. மணல் கொஞ்சம்தான், மீதியெல்லாம் சேறு. கடை கிடையாது, கழிப்பறை கிடையாது, பாசி நாற்றம் வேறு. ஒருவர், 'இதற்கு எங்கள் ஊர்க் கண்மாயே தேவலை' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். எழுதியவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எனக்குத் தொற்றவைத்தவர், என் கல்லூரி நாட்களில் கறம்பக்குடியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர்.

அவர் வேனில் ஏறாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, துக்கம் விசாரிப்பது என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். சிறு தொந்தி, தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு, வேனில் பாட்டே போடாத குணம். பாட்டுப் போட்டால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது என்பதுதான் காரணம். வயதானவர்களை ஏற்றி இறக்குவதில் அவரைப் போல் பொறுமையான ஆள் கிடையாது. எங்கே நிறுத்தச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தொந்தரவுதான். எங்கே கிளம்புகிறோம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். நடுவில் அவர் ஒரு கடலைச் செருகிவிடுவார்.

கிழக்கே போனாலும் சரி, தெற்கே போனாலும் சரி, வேன் எப்படியோ கடலோரத்து மணமேல்குடிப் பக்கம் திரும்பிவிடும். வடக்கே கீரனூருக்குப் போகச் சொன்னால் மட்டும் அதற்கு வழியில்லை. அந்தப் பயணங்களில் மனிதர் கொஞ்சம் சோர்வாகவே ஓட்டுவார்.

அறந்தாங்கி தாண்டியதும் ஆயத்தம் ஆரம்பமாகும். "அந்த ரோட்டுல பாலம் வேலை நடக்குதுங்க. இங்கிட்டுப் போனா சல்லுன்னு போயிரலாம்" என்பார். இல்லாவிட்டால், "டயரு சூடாயிருச்சு. கடக்காத்துல செத்த நேரம் நிறுத்துனா சரியாப் போயிரும்" என்பார். யாராவது முறைத்தால், "ஒரு எட்டுத்தாங்க. பாத்த கையோட கெளம்பிருவோம்" என்று சொல்லும்போதே வண்டி கிளைச் சாலைக்குள் நுழைந்திருக்கும். இரண்டு பக்கமும் கருவேலம். பிறகு சாலை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். அங்கே கடல் கிடக்கும்.

முதல் முறை பார்க்கிறவர்கள் அதைக் கடல் என்று நம்பச் சிறிது நேரமாகும். சத்தம் இருக்காது. தட்டையாக, சாம்பல் கலந்த பச்சையில், வெயிலில் காயப்போட்ட சேலை மாதிரி கிடக்கும். கரையோரம் பழுப்பாகப் பாசி ஒதுங்கியிருக்கும். தூரத்தில் நாலைந்து படகுகள் அசையாமல் நிற்கும். மீன் வாங்குகிறவர்கள் ஜெகதாப்பட்டினத்துக்குப் போவார்கள், குளிக்கிறவர்கள் ராமேஸ்வரத்துக்குப் போவார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். இந்த இடத்துக்கு இவர் வேனைத் தவிர வேறெதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் இறங்கியதும் அவர் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி முன்னால் நடப்பார். பிறகு திரும்பி, "எப்படி?" என்று கேட்பார்.

"என்னத்த எப்படி? இதப் பாக்கவா இம்புட்டு டீசலக் கொளுத்துனே? அலையே இல்லியேப்பா" என்று ஒருமுறை என் பெரியப்பா கேட்டார்.

"அலை இல்லைன்னு கொறை சொல்றீங்க. மத்த கடலு மாதிரி நம்மளப் போட்டு அடிக்கலையேன்னு சந்தோசப்பட வேணாமாண்ணே?" என்றார் அவர்.

திட்டிக்கொண்டே ஏறி உட்காருவோம். அடுத்த விசேஷத்துக்கும் அவருக்குத்தான் போன் போடுவோம்.

ஒரு நாள் நான் அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் மீனவரும் இல்லை, அந்தப் பக்கம் சொந்தபந்தமும் கிடையாது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கறம்பக்குடிக்குப் பக்கத்தில், கிணற்றுத் தண்ணீர் ஊரில். அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பாப்பா, நம்ம மாவட்டத்துக்கும் கடலு இருக்குன்னு மேப்புல போட்ருக்கான். ஆனா எட்டிப் பாக்க ஒரு ஆளு கெடையாது. மொத தடவ ஒரு சவாரி எறக்கிவிட்டுட்டு, சும்மா இருக்கமேன்னு இங்கிட்டு வந்தேன். நாதியத்துக் கெடந்துச்சு. விருந்தாளி வராத வீடு மாதிரி. எனக்குப் பாவமாப் போச்சு" என்றார்.

கடலைப் பார்த்துப் பாவப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை நம்பினேன். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையின் மாமாவைச் சுற்றி நின்றால், இவர் போய் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போன நோயாளியை விட்டுவிட்டு, ஆள் வராத பக்கத்துக் கட்டில்காரரிடம் ஊர் விசாரிப்பார். யாரும் எட்டிப் பார்க்காத எதையும் அவரால் அப்படியே விட்டுவிட்டு வர முடியாது.

பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து வந்தது. குலதெய்வக் கோயில் ஆவுடையார்கோயில் பக்கம். வேனின் பின்னால் ஒரு கிடாயையும் ஏற்றியிருந்தோம். நல்ல நேரம் முடிவதற்குள் போயாக வேண்டும், அதனால் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேன்காரரும் சரி சரியென்று தலையாட்டினார். கோயிலுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தபோது வேன் திரும்பவில்லை.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டணுங்கண்ணே. நாக்குத் தள்ளுது" என்றார்.

"உப்புத் தண்ணியவாடா ஆடு குடிக்கும்?" என்று பெரியப்பா கத்தினார்.

கரையில் போய் நின்று கதவைத் திறந்ததும் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. நேராகக் கடலுக்குள் போயிற்று. வேறு கடலாக இருந்தால் முதல் அலையே அதைத் திருப்பி அனுப்பியிருக்கும். இங்கேதான் முழங்கால் தண்ணீர் முடிவில்லாமல் போகிறதே. ஆடு போய்க்கொண்டே இருந்தது. பின்னால் பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக நாங்கள் ஓடினோம். பெரியப்பா சேற்றில் இரண்டு தடவை உட்கார்ந்தார். கடைசியில் வேன்காரர்தான் ஆட்டிடம் போய், ஏதோ மெதுவாகப் பேசி, துண்டால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

கோயிலில் கிடாய் மீது மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அப்போதுதான் சாமி சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். சில ஆடுகள் குடம் குடமாக ஊற்றினாலும் சிலிர்க்காமல் நின்று உயிரை வாங்கும். எங்கள் ஆட்டுக்குக் கடல் உப்பு காய்ந்து மேலெல்லாம் அரித்திருக்க வேண்டும். ஒரு சொட்டுப் பட்டதுதான் தாமதம், உதறு உதறென்று உதறியது. பூசாரியே அசந்துபோனார்.

"பாத்தீங்களா?" என்றார் வேன்காரர். பெரியப்பாவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிக் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டினார்.

இன்னொரு முறை மீமிசல் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். துக்க வீட்டுக்குப் போனால் வழியில் எங்கும் நிற்காமல் வீடு வந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அன்றைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவர் அந்த வழக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டார்.

"குளிக்கணுமா இல்லையா? வீட்டுக்குப் போயி ஒரு பைப்புக்கு இத்தன பேரு வரிசையில நிப்பீங்க. இங்கிட்டு எம்புட்டுத் தண்ணி கெடக்குது! தலை முழுகிட்டுக் கெளம்புனா வீட்டுக்குள்ள நேராப் போயிரலாம்" என்றார்.

என் அம்மா யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. பெண்கள் எல்லோரும் இறங்கினோம். தலை முழுகக் குறைந்தது இடுப்பளவு தண்ணீராவது வேண்டும். ஆழம் தேடி நடந்தோம், நடந்தோம், முழங்காலுக்கு மேல் ஏறவேயில்லை. கரையில் வேன் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துப்போனது. கடைசியில் வேறு வழியில்லாமல் எல்லோரும் வரிசையாகத் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியால் மொண்டு ஒருத்தர் தலையில் ஒருத்தர் ஊற்றிக்கொண்டோம். அம்மாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், காலையில் மாரடித்து அழுத கூட்டம் நடுக்கடலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தது. இறந்தவருக்கு இது தெரிந்தால் வருத்தப்பட மாட்டார், அவர் நல்ல மனிதர் என்று அம்மா பிறகு சமாதானம் சொன்னார்.

இத்தனை பேரைக் கடலுக்கு இழுத்துப் போனவரால் ஒரே ஒரு ஆளைக் கூட்டிப்போக முடியவில்லை. அது அவர் மனைவி.

அந்த அக்கா எங்கள் பக்கத்து வயல்களில் நடவு நடும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. எங்கள் வயலுக்கும் அவர் ஆட்கள்தான். கால் முழுக்கச் சேறோடு வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது யாராவது கடல் பேச்சை எடுத்தால் போதும், "சேத்துல எறங்குறதுக்கு எனக்கு வருசம் பூரா நடவு இருக்குது. லீவு நாள்லயும் சேறா? வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க" என்பார். கணவரிடமும் இதே பதில்தான். ஒவ்வொரு முறை கடல் பக்கம் போய்விட்டு வந்தும் அவர் வீட்டில் கேட்பாராம், "ஒரு நாளைக்கு வாரியா?" என்று. "வரல" என்று ஒரே சொல்லில் அந்த அக்கா முடித்துவிடுவாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனைவி வேனில் இருந்தால் அவர் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டார். பாலம் வேலை இருக்காது, டயர் சூடாகாது. வேன் நேராகப் போய் நேராக வரும். இதை ஊரே கண்டுபிடித்து வைத்திருந்தது. முகூர்த்தத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்றால், அவர் வீட்டுக்குப் போய் அந்த அக்காவுக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படிச் செய்திருக்கிறார்.

வேன்காரருக்கு மனதுக்குள் ஏக்கம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒருமுறை இரக்கப்பட்டு யோசனை சொன்னார். "கோயிலுக்குன்னு சொல்லி நாங்க ஏத்திக் கூட்டியாரோம் தம்பி. நீங்க பாட்டுக்குத் திருப்பிருங்க. வந்து நின்னுட்டா என்ன செய்யப் போறா?"

எங்களையெல்லாம் வாய் கூசாமல் ஏமாற்றிய மனிதர், பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்கக்கா. ஒங்களையெல்லாம் ஏமாத்துனா திட்டிட்டுப் போயிருவீங்க. அவள ஏமாத்திக் கூட்டியாந்தா, அவ கண்ணுக்குக் கடலு தெரியாது, எம் பொய்யிதான் தெரியும். அவளா வரணும். வரலைன்னா கெடக்கட்டும்" என்றார். 'கெடக்கட்டும்' என்று அவர் சொன்ன விதம் எனக்கு வேதனையாக இருந்தது.

ஒவ்வொரு வருடமும் நடவு முடிந்ததும் நட்ட பெண்களை அம்மா ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போவது வழக்கம். அந்த வருடம் ஆவுடையார்கோயில். விடுமுறையில் இருந்ததால் நானும் போனேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் அந்த அக்கா உட்கார்ந்ததால் வேன் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. சாமி கும்பிட்டுவிட்டு, மர நிழலில் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தோம். அவர் வேனைத் துடைக்கப் போயிருந்தார்.

நடவுப் பெண்களில் ஒருத்தி, "எங்களையெல்லாம் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு மதினி. கட்டுன பொண்டாட்டிய மட்டும் விட்டுட்டாரு பாரு" என்று சீண்டினாள். அம்மாவுக்கு வாய் நிற்காது. அன்றைக்கு அவர் கும்பிட்டதையும், சொன்னதையும், ஒரு சொல் விடாமல் அங்கேயே போட்டு உடைத்துவிட்டார். நான் அம்மாவின் தொடையைக் கிள்ளுவதற்குள் தாமதமாகிவிட்டது.

அந்த அக்கா சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். அம்மாவிடம், "அப்படியா சொன்னாரு?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பெரிய சாலை வந்தது. ஒரு பக்கம் அறந்தாங்கி, இன்னொரு பக்கம் கடல். மனைவி பக்கத்தில் இருப்பதால் அவர் யாரையும் கேட்காமலே அறந்தாங்கிப் பக்கம் திருப்பக் கை காட்டினார்.

"ஏங்க, ஒங்க கடலுக்கு இன்னிக்கு லீவா?" என்றார் அந்த அக்கா.

வேன் குலுங்கி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஓயாமல் ஹாரன் அடித்தது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நெசமாவா?"

"திருப்புறீங்களா, இல்ல எறங்கி நடக்கவா?"

திருப்பினார். புதிதாக ஓட்டப் பழகுகிறவர் போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த அக்கா இறங்கிப் பார்த்துவிட்டு, 'இதுக்குத்தானா?' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இத்தனை வருட ஆசையும் அங்கேயே முடிந்துபோகும்.

சாலை முடிந்தது. கடலைக் காணோம்.

தண்ணீர் முழுக்க வற்றி எங்கேயோ பின்னால் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுத்த சேறு. அதில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. படகுகள் தரை தட்டிச் சாய்ந்து கிடந்தன. அப்படியொரு கோலத்தில் அந்த இடத்தை நானே பார்த்ததில்லை. பாசி நாற்றமும் அன்றைக்குத் தூக்கலாகவே இருந்தது.

அவர் முகம் தொங்கிப்போனது. "இங்கேரு, இன்னிக்கு நேரஞ் சரியில்ல. தண்ணி வத்திக் கெடக்கு. ஏறுன பொறவு இன்னொரு நாளைக்கு வருவோம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். மற்ற பெண்களும் பின்னால் போனார்கள். நாங்கள் தடுக்கி விழுந்த அதே சேற்றில் அவர்கள் தெருவில் நடப்பது போல நடந்தார்கள். ஒரு கால் வழுக்கவில்லை. வெகுதூரம் போய், பழக்கத்தினாலோ என்னவோ, வயலில் நிற்பது போல ஒரே வரிசையில் நின்றார்கள்.

நேரம் போனது. அவர்கள் திரும்பவில்லை. அவர் துண்டைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். "பாப்பா, நீ போயி என்ன சொல்றான்னு கேட்டுட்டு வாயேன்" என்றார்.

"நீங்களே வந்து கேளுங்கண்ணே" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தார். இரண்டு தடவை வழுக்கினார், இரண்டு தடவையும் என்னையும் சேர்த்து இழுத்தார். பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் 'எப்படி?' என்ற வழக்கமான கேள்வி அவர் வாயிலிருந்து வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அந்த அக்கா இடுப்பில் கை வைத்து, தூரத்தில் கோடு போலத் தெரிந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வயசுக்கு வந்த நாள்லருந்து சேத்துல எறங்குறேன். எறங்குன ஒடனே குனியணும், பொழுது சாஞ்சாத்தான் நிமிரணும். சேத்துல நின்னுக்கிட்டு இப்படி நிமிந்து பாத்தது இன்னிக்குத்தாங்க."

வேன்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. குரல் மட்டும் கேட்டது, அதுவும் சரியாக வரவில்லை.

"இருட்டப் போகுது. கெளம்புவமா?"

"என்ன அவசரம்?" என்றார் அந்த அக்கா. "வந்து பக்கத்துல நில்லுங்க. செத்த நேரம் சும்மா இருப்போம்."